வகுப்பறையில் வெட்டு, கடைத்தெருவில் விற்பனை: வேதியியல் யாருக்கு?

பெங்களூருவின் ரிச்மண்ட் டவுனுக்கும் கோரமங்களாவுக்கும் இடையே நெருக்கியடித்துக் கிடக்கிறது நீலசந்திரா. தமிழும் உருதும் கன்னடமும் தெலுங்கும் ஒரே சந்தில் ஒலிக்கும் உழைப்பாளர் குடியிருப்பு அது. கட்டுமானத் தொழிலாளர், ஆட்டோ ஓட்டுநர், தையல் தொழிலாளர், துப்புரவுப் பணியாளர், அடுக்குமாடிகளில் வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஆகியோரின் பிள்ளைகள் 10ஆம் வகுப்பில் தேறி, பி.யு.சி.யில் அறிவியல் பிரிவைத் தேர்ந்தெடுக்க நினைக்கும்போது, நாட்டின் கல்விக் கொள்கை முழுவதும் எதிரே வந்து நிற்கிறது. அந்தப் பிரிவின் பாடங்களில் வேதியியலுக்கு நேர்ந்திருக்கும் கதி, ஆளும் வர்க்கங்கள் உழைப்பாளர் பிள்ளைகளுக்கு எதைத் தர விரும்புகின்றன, எதை மறுக்க விரும்புகின்றன என்பதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டுகிறது.

மருத்துவம், செவிலியம், மருந்தாக்கியல், பொறியியல், வேளாண்மை எனக் கூலி உழைப்பின் சுழலிலிருந்து ஒரு குடும்பத்தை வெளியே கொண்டுவரக்கூடிய படிப்புகளில் பெரும்பாலானவற்றின் வாசலில் வேதியியல் இருக்கிறது. அந்த வாசலில் இன்று வசூல் நடக்கிறது. கடந்த 10 ஆண்டுகளில் கர்நாடகத்தில் இப்பாடத்துக்கு நேர்ந்தவற்றை வரிசைப்படுத்திப் பார்க்கலாம். 2016இல் இருமுறை களவுபோன வினாத்தாள். 2023இல் கத்தரிக்கப்பட்ட பாடநூல். 2024இல் பாடத்துக்கு வெளியிலிருந்து கேட்கப்பட்ட கேள்விகள். இவை தனித்தனி விபத்துகள் என்பது அதிகாரிகளின் விளக்கம். பொதுக் கல்வியிடமிருந்து அறிவைப் பிடுங்கி, அதையே சந்தையில் விலைவைத்து விற்கும் ஒரே போக்கின் மூன்று கட்டங்கள் என்பதே உண்மை.

14 வயதில் முடிந்துபோகும் உரிமை

கல்வி உரிமைச் சட்டம் 2009இல் நிறைவேற்றப்பட்டது. 6 முதல் 14 வயது வரை, அதாவது 8ஆம் வகுப்பு வரை மட்டுமே இலவசக் கட்டாயக் கல்வியை அது உரிமையாக்குகிறது. 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் மோடி அரசு கொண்டுவந்த திருத்தமோ, 14 வயதைக் கடந்தவர்களை அபாயகரமானவை என்று பட்டியலிடப்பட்ட தொழில்களைத் தவிர மற்ற வேலைகளில் அமர்த்த வழிவிடுகிறது. இரு சட்டங்களையும் சேர்த்துப் படித்தால் இந்திய அரசின் உள்ளக்கிடக்கை தெளிவாகும். 14 வயதில் பள்ளிக்கூடம் உரிமையாக இருப்பது முடிகிறது. அதே வயதில் கூலி வேலை சட்டபூர்வமாகிறது.

அணு அமைப்பையும் வேதிப் பிணைப்பையும் பயிலவேண்டிய 16 வயதுப் பிள்ளை இந்த இடைவெளியில்தான் நிற்கிறது. பி.யு.சி. கல்வி அரசின் கடமையாக இல்லாதபோது, அரசுக் கல்லூரிகளில் அறிவியல் பிரிவு இருந்தால் அது அதிர்ஷ்டம். நிரந்தர விரிவுரையாளர் இருந்தால் அது இன்னொரு அதிர்ஷ்டம். அறிவியல் பிரிவு நடத்துவதற்கு ஆய்வகம் வேண்டும், வேதிப்பொருள்கள் வேண்டும், எரிவாயுவும் தண்ணீரும் வேண்டும். கலை, வணிகப் பிரிவுகளை ஒரு கரும்பலகையோடு நடத்திவிடலாம் என்று கணக்குப் போடும் நிர்வாகம், ஏழைப் பிள்ளைகளை அந்தப் பக்கமே திருப்பிவிடுகிறது. பிறகு, 'அவர்களுக்கு அறிவியலில் நாட்டமில்லை' என்று அறிக்கை எழுதுகிறது.

படிப்பதற்கான இடமும் உறுதியில்லை. நீலசந்திராவை அடுத்த ஈஜிபுராவில், பொருளாதாரத்தில் நலிந்தோருக்கான மாநகராட்சிக் குடியிருப்பு நிலம் தனியார் கூட்டுத் திட்டம் ஒன்றுக்காக 2013 ஜனவரியில் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. பெரும்பாலும் தலித், தமிழ், முஸ்லிம் உழைப்பாளர் குடும்பங்கள் தெருவில் நிறுத்தப்பட்டன. பொதுத்தேர்வுகளுக்கு அப்போது இரண்டு மாதங்களே இருந்தன. புத்தகத்தை வைக்கச் சுவர் இல்லாத பிள்ளையும், குளிரூட்டப்பட்ட அறையில் தனிப்பயிற்சி பெறும் பிள்ளையும் ஒரே கேள்வித்தாளை எழுதுவதற்குத்தான் 'தகுதி' என்று பெயரிட்டிருக்கிறார்கள்.

2016: இருமுறை களவுபோன வினாத்தாள்

2016 மார்ச் 21 அன்று கர்நாடகத்தில் இரண்டாம் ஆண்டு பி.யு.சி. வேதியியல் தேர்வு. வினாக்கள் முன்கூட்டியே கைமாறியிருந்தது தெரியவந்ததால் தேர்வு ரத்தானது. மறுதேர்வு மார்ச் 31 என்று அறிவிக்கப்பட்டது. அந்த வினாத்தாளும் தேர்வுக்குச் சில மணி நேரம் முன்பாக வெளியாகி, அதுவும் ரத்தானது. ஏறத்தாழ 1.74 லட்சம் மாணவர்கள் மூன்றாவது முறையாகத் தயாராகி, இறுதியில் ஏப்ரல் 12 அன்று தேர்வெழுதினர். கொதித்தெழுந்த மாணவர்கள் பெங்களூருவில் பி.யு. கல்வித் துறை அலுவலகம் இருக்கும் மல்லேஸ்வரத்தை முற்றுகையிட்டனர். 40 அலுவலர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டனர். சி.ஐ.டி. விசாரணையில் கைதானவர்களில் ஓர் அமைச்சரின் அலுவலகத்தில் பணியாற்றியவரும், பொதுப்பணித் துறை அதிகாரியும், உடற்கல்வி ஆசிரியரும் இருந்தனர்.

அன்று மாநிலத்தில் ஆட்சியிலிருந்தது காங்கிரஸ். எதிர்க்கட்சியான பாரதிய ஜனதா அதைச் சாடியது. மத்தியப் பிரதேசத்தின் வியாபம் ஊழலில் மூழ்கிக்கிடந்த கட்சி, தேர்வுத் தூய்மை பற்றிப் பாடம் நடத்தியது! இரு கட்சிகளும் கேட்க மறுத்த கேள்வி ஒன்றுண்டு. ஒரு வேதியியல் வினாத்தாளுக்குச் சந்தையில் விலை எங்கிருந்து வந்தது?

மதிப்பெண் ஒரு சரக்காக மாறியதால் வந்தது. பொறியியல் சேர்க்கையில் பி.யு.சி. மதிப்பெண்ணுக்குப் பாதிப் பங்கு. மீதிப் பாதி பொது நுழைவுத் தேர்வுக்கு. அரசு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் சில ஆயிரங்கள். நிர்வாக ஒதுக்கீடு என்றால் பல லட்சங்கள். இந்த இரண்டுக்கும் இடையிலான விலை வித்தியாசமே வினாத்தாளின் விலையைத் தீர்மானிக்கிறது. கல்லூரி இடங்களை விற்பனைக்கு வைத்துவிட்டு, அந்த இடத்துக்கான நுழைவுச் சீட்டை மட்டும் யாரும் விற்கக்கூடாது என்று சட்டம் இயற்றுவது நகைப்புக்குரியது. அதற்குப் பின் மாநிலச் சட்டத்தில் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. 2024இல் மத்திய அரசும் 10 ஆண்டுச் சிறை, 1 கோடி ரூபாய் அபராதம் வரை விதிக்கும் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. எப்போது? அந்த ஆண்டின் நீட் தேர்வில் நடந்த வினாத்தாள் கசிவு நாட்டையே உலுக்கிக்கொண்டிருந்த ஜூன் மாதத்தில்.

2016இல் தண்டிக்கப்பட்டவர்கள் யார்? 22 நாட்கள் ஒரே பாடத்தைச் சுமந்துகொண்டு நின்ற மாணவர்கள். வசதியுள்ள வீட்டில் அந்த நாட்கள் கூடுதல் பயிற்சிக்கான நாட்கள். தேர்வு முடிந்ததும் கோடை விடுமுறையில் வேலைக்குப் போயாக வேண்டிய வீட்டில் அவை இழந்த கூலி. அதே நாட்களில் பி.யு. விரிவுரையாளர்கள் ஊதிய முரண்பாட்டைக் களையக் கோரி விடைத்தாள் திருத்தத்தைப் புறக்கணித்துப் போராட நேர்ந்தது. கற்பிப்பவருக்கு உரிய ஊதியம் தர மறுக்கும் அமைப்பில், வினாத்தாளைக் களவாடுபவருக்கு மட்டும் வருமானம் குறையாமல் இருந்தது.

2023: கத்தரிக்கோல் எங்கே விழுந்தது?

கர்நாடகத்தின் பி.யு.சி. அறிவியல் பிரிவுகள் 2012 முதல் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் கழகமான என்.சி.இ.ஆர்.டி.யின் பாடநூல்களைப் பின்பற்றுகின்றன. ஆகவே டெல்லியில் விழும் கத்தரிக்கோல் நீலசந்திராவிலும் வெட்டுகிறது. கொரோனாவுக்குப் பின் பாடச் சுமையைக் குறைப்பதாகக் கூறி 2022இல் அறிவிக்கப்பட்ட 'சீரமைப்பு', 2023இல் அச்சான புத்தகங்களில் நிரந்தரமானது. நோய்த்தொற்று முடிந்தது, வெட்டு முடியவில்லை.

11ஆம் வகுப்பு வேதியியலின் 14 அத்தியாயங்களில் 5 நீக்கப்பட்டன: பருப்பொருளின் நிலைகள், ஹைட்ரஜன், எஸ்-தொகுதித் தனிமங்கள், பி-தொகுதித் தனிமங்கள், சுற்றுச்சூழல் வேதியியல். 12ஆம் வகுப்பின் 16இல் 6 நீக்கப்பட்டன: திட நிலைமை, புறப்பரப்பு வேதியியல், உலோகங்களைப் பிரித்தெடுத்தல், பி-தொகுதித் தனிமங்கள், பலபடிகள், அன்றாட வாழ்வில் வேதியியல். மொத்தம் 30இல் 11 போயின. மத்தியப் பாடத்திட்டத்தின் 10ஆம் வகுப்பிலிருந்து தனிம வரிசை அட்டவணையே தூக்கப்பட்டது. 11ஆம் வகுப்பில் அது இருக்கிறதே என்பது கழகத்தின் பதில். 10ஆம் வகுப்போடு படிப்பை நிறுத்த நேரும் கோடிக்கணக்கான பிள்ளைகள் மெண்டலீவின் பெயரைக்கூட அறியாமல் வெளியேறலாம் என்பதே அந்தப் பதிலின் பொருள்.

முரண்பாடுகளைப் பாருங்கள். பெங்களூருவின் இந்திய அறிவியல் கழகத்துக்கு முதல் இயக்குநராக 1906இல் பொறுப்பேற்றவர் மோரிஸ் டிராவர்ஸ். 1898இல் லண்டனில் வில்லியம் ராம்சேயுடன் சேர்ந்து நியான், கிரிப்டான், செனான் என்ற மந்த வாயுக்களைக் கண்டறிந்தவர். இதே நகரில் 1934இல் பிறந்து, 1976இல் அந்தக் கழகத்தில் திடநிலை வேதியியலுக்கென்றே தனித் துறையைக் கட்டியெழுப்பியவர் சி.என்.ஆர்.ராவ், 2014இல் பாரத ரத்னா பெற்றவர். டிராவர்ஸின் மந்த வாயுக்கள் பி-தொகுதி அத்தியாயத்தோடு போயின. ராவின் திடநிலை வேதியியல் தன் அத்தியாயத்தோடு போனது. அந்தக் கழகத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் வாழும் உழைப்பாளர் பிள்ளைக்கு, அங்கே என்ன ஆய்வு நடக்கிறது என்பதை அறியும் முதல் படியும் பறிக்கப்பட்டது.

இன்னொரு முரண்பாடு பணத்தில் தெரிகிறது. பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு 2023 ஜனவரியில் மத்திய அமைச்சரவை 19,744 கோடி ரூபாய் ஒதுக்கியது. குறைகடத்தித் தொழிலுக்கு 76,000 கோடி ரூபாய்த் திட்டம் 2021 டிசம்பரிலேயே அறிவிக்கப்பட்டது. பெருமுதலாளிகளுக்கு ஹைட்ரஜனின் பெயரால் மானியம். மாணவருக்கு ஹைட்ரஜன் அத்தியாயம் இல்லை. நிறுவனங்களுக்குக் குறைகடத்தி ஊக்கத்தொகை. வேதியியல் புத்தகத்தில் குறைகடத்தியை விளக்கிய திட நிலைமைப் பாடம் இல்லை. அறிவை உற்பத்தி செய்பவர்களாக ஒரு சிறு கூட்டமும், தயாரான இயந்திரத்தின் முன் நிற்கும் மலிவான கைகளாகப் பெருந்திரளும் இருக்கட்டும் என்ற வர்க்கக் கணக்கு இதில் ஒளிந்திருக்கவில்லை, வெளிப்படையாகவே இருக்கிறது.

2024: வெட்டியதையே கேட்டார்கள்

சுமை உண்மையிலேயே குறைந்ததா? 2024 ஏப்ரல் 18, 19 தேதிகளில் நடந்த கர்நாடகப் பொது நுழைவுத் தேர்வு பதில் சொன்னது. 4 பாடங்களின் 240 கேள்விகளில் 50 கேள்விகள் பாடத்திட்டத்துக்கு வெளியிலிருந்து வந்தவை என்று தேர்வு ஆணையமே ஒப்புக்கொண்டு நீக்க வேண்டியதாயிற்று. வேதியியலில் மட்டும் 60இல் 15. ஆகக் கால் பங்கு!

கேள்விகளை நீக்கிவிட்டதால் சமநிலை திரும்பிவிட்டது என்பது நிர்வாகத்தின் வாதம். 80 நிமிடத்தில் 60 கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டிய தேர்வில், அறிமுகமே இல்லாத 15 கேள்விகளோடு போராடிய பிள்ளை இழந்த நிமிடங்களை எந்த ஆணையம் திருப்பித் தரும்? பயிற்சி மையத்தில் பழைய பாடங்களையும் படித்திருந்தவர் அவற்றை நொடியில் கடந்துபோயிருப்பார். பாடநூலை மட்டும் நம்பியவர் தண்டிக்கப்பட்டார். அரசு தந்த புத்தகத்தை நம்பியதுதான் அவர் செய்த குற்றம்.

நீட் தேர்வு இதைவிட நயமாகச் செயல்படுகிறது. 2024இல் அதன் பாடத்திட்டம் திருத்தப்பட்டபோது, நீக்கப்பட்ட பல அத்தியாயங்கள் அங்கும் நீங்கின. ஆனால் 13 முதல் 18 வரையிலான தொகுதிகளைக் கொண்ட பி-தொகுதித் தனிமங்கள் இருத்தப்பட்டன.  ஒரு மத்திய நிறுவனம் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டதை இன்னொரு மத்திய நிறுவனம் தேர்வில் கேட்கிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் பயிற்சி மையம் பாலம் கட்டிச் சுங்கம் வசூலிக்கிறது. அந்தச் சுங்கத்தில் 18 சதவீதம் ஜி.எஸ்.டி.யாக அரசுக்கே போகிறது. பயிற்சி மையங்களை முறைப்படுத்த 2024 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்ட மத்திய அரசு, அந்த மையங்களின் வியாபாரத்தில் வரி வாங்கும் பங்காளி என்பதை மறக்கலாகாது.

இந்த ஏற்பாட்டுக்குத் தமிழ்நாடு தந்த விலையை எந்தத் தமிழரும் மறக்க முடியாது. அரியலூர் மாவட்டத்துக் கூலித் தொழிலாளியின் மகள் அனிதா, 2017இல் மேல்நிலைத் தேர்வில் 1200க்கு 1176 மதிப்பெண் பெற்றார். வேதியியலில் 200க்கு 199. நீட் அவருக்கு 720இல் 86 மட்டுமே தந்தது. உச்ச நீதிமன்றம் வரை சென்று போராடிய அவரை, அந்த ஆண்டு செப்டம்பர் 1 அன்று தமிழ்நாடு இழந்தது. பள்ளி 199 என்று அளந்த அறிவை ஒரு மூன்று மணி நேரத் தேர்வு செல்லாக்காசாக்கியது. நீட் வந்த பிறகு தமிழ்வழி மாணவர்களும் கிராமப்புற மாணவர்களும் மருத்துவ இடங்களில் எப்படிப் பின்னுக்குத் தள்ளப்பட்டனர் என்பதை 2021இல் நீதிபதி ஏ.கே.ராஜன் குழு ஆவணப்படுத்தியது. 2024 ஜூலையில் கர்நாடகச் சட்டமன்றமும் நீட்டுக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. வரவேற்கத்தக்க தீர்மானம். ஆனால் தன் சொந்த நுழைவுத் தேர்வில் வேதியியலின் கால் பங்கைப் பாடத்துக்கு வெளியே கேட்ட அரசு, டெல்லியை மட்டும் குற்றம்சாட்டித் தப்பிக்க முடியாது.

நுரையும் சயனைடும் கற்பிக்கும் பாடம்

'எல்லோருக்கும் எதற்கு இவ்வளவு வேதியியல்? திறன் பயிற்சி போதாதா?' என்று கேட்போர் உண்டு. நீலசந்திராவைச் சுற்றியுள்ள உலகமே அவர்களுக்கு விடை.

அந்தப் பகுதியின் கழிவுநீர் கோரமங்களா பள்ளத்தாக்கின் கால்வாய்கள் வழியே பெள்ளந்தூர் ஏரியைச் சேர்கிறது. அந்த ஏரி நுரை பொங்கிச் சாலையில் பறந்ததையும், 2015, 2017, 2018 ஆண்டுகளில் தீப்பற்றி எரிந்ததையும் உலகமே பார்த்தது. நீர் ஏன் நுரைக்கிறது? எந்த வகைச் சலவைத்தூளின் மூலக்கூறை நுண்ணுயிரிகளால் சிதைக்க முடியாது? அன்றாட வாழ்வில் வேதியியல், புறப்பரப்பு வேதியியல், சுற்றுச்சூழல் வேதியியல் ஆகிய மூன்று அத்தியாயங்களும் இதைத்தான் விளக்கின. மூன்றும் நீக்கப்பட்டன.

பெங்களூருத் தமிழர்களில் பலரது வேர் கோலார் தங்க வயலில் இருக்கிறது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்ட பின்பு, வேலை தேடித் தினமும் ரயிலேறிப் பெங்களூருவுக்கு வரும் தலைமுறை அது. அவர்களின் பாட்டன்கள் தோண்டியெடுத்த பாறையைச் சயனைடு கரைசலில் கரைத்துத் துத்தநாகத்தால் தங்கத்தைப் பிரித்தார்கள். எஞ்சிய கழிவு மேடுகள் இன்றும் அந்த ஊரின் மீது புழுதியாகப் பறக்கின்றன. அந்தச் சயனைடு முறையை விளக்கிய உலோகப் பிரித்தெடுப்பு அத்தியாயம் போனது. செம்பு உருக்கும்போது கந்தக டை ஆக்சைடு எங்கிருந்து வருகிறது என்பதைச் சொன்னதும் அதே அத்தியாயம்தான். அந்தப் புகைக்கு எதிராகத் திரண்ட தூத்துக்குடி மக்களில் 13 பேரை 2018 மே மாதத் துப்பாக்கிச் சூடு பலிகொண்டது.

மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்த பிறகும், பாதாளச் சாக்கடையில் இறங்கி ஹைட்ரஜன் சல்பைடு தாக்கி மடியும் தொழிலாளர்கள் எந்தக் குடியிருப்புகளிலிருந்து வருகிறார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வாயுவின் இடம் கந்தகம் இருக்கும் பி-தொகுதியில். தன் தந்தையைக் கொல்லக்கூடிய வாயுவின் இயல்பை அறியும் உரிமை அந்தப் பிள்ளைக்கு இல்லை என்று ஒரு நிபுணர் குழு தீர்மானிப்பதற்கு 'சுமை குறைப்பு' என்று பெயர். உண்மையில் குறைவது முதலாளிகளின் சுமை. தொழிற்சாலைப் புகையையும் கழிவையும் பற்றிக் கேள்வி கேட்கத் தெரிந்த தொழிலாளியைவிட, தெரியாத தொழிலாளி அவர்களுக்கு வசதியானவர்.

உழைப்பாளர் பிள்ளைக்கும் வேதியியலுக்கும் தூரம் அதிகம் என்பது வரலாறு அறியாதவர்களின் பேச்சு. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்து, மருந்துக் கடையில் பயிற்சியாளராகத் தொடங்கி, 1874இல் மான்செஸ்டரில் கரிம வேதியியல் பேராசிரியரானவர் கார்ல் ஷோர்லெம்மர். ஹைட்ரோகார்பன்களைப் பற்றிய அவரது ஆய்வுகள் இன்று பள்ளியில் படிக்கும் கரிம வேதியியலின் அடித்தளங்களில் ஒன்று. அவர் மார்க்ஸ், எங்கெல்ஸ் இருவரின் நெருங்கிய தோழர். முதலாம் அகிலத்தின் உறுப்பினர். 1892இல் அவர் மறைந்தபோது அஞ்சலிக் கட்டுரை எழுதியவர் எங்கெல்ஸ். மனிதகுலம் சேர்த்துவைத்த அறிவு முழுவதையும் தனதாக்கிக்கொள்ளாமல் ஒருவர் கம்யூனிஸ்ட் ஆக முடியாது என்று 1920இல் இளைஞர் கழக மாநாட்டில் லெனின் வலியுறுத்தியது இந்த மரபின் தொடர்ச்சியே.

மொழி என்னும் பூட்டு

நீலசந்திராவின் தமிழ்ப் பிள்ளைக்கும், அதே தெருவின் கன்னட, உருதுப் பிள்ளைகளுக்கும் இன்னொரு பூட்டு காத்திருக்கிறது. 10ஆம் வகுப்பு வரை தாய்மொழியில் அல்லது அரைகுறை ஆங்கிலத்தில் படித்தவர்கள், பி.யு.சி. அறிவியல் வகுப்பில் ஒரே நாளில் ஆங்கிலத்துக்குள் தள்ளப்படுகின்றனர். 2017 முதல் நீட் வினாத்தாள் தமிழிலும் கன்னடத்திலும் கிடைக்கிறது. ஆனால் வகுப்பறை பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடக்கிறது. தேர்வறையில் மட்டும் கிடைக்கும் தாய்மொழியால் பயன் என்ன?

வேதியியலைத் தாய்மொழியில் கற்பிக்க முடியாது என்ற வாதம் 150 ஆண்டுகளுக்கு முன்பே பொய்ப்பிக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தில் மருத்துவர் சாமுவேல் பிஷ் கிறீனின் முயற்சியில் 'கெமிஸ்தம்' என்னும் வேதியியல் நூல் 1875இல் தமிழில் வெளியாயிற்று. இலங்கையின் வடக்கு, கிழக்கு, மலையகப் பள்ளிகளில் இன்றும் உயர்தர வகுப்பு வேதியியல் தமிழில் கற்பிக்கப்படுகிறது. அந்தப் பள்ளித் தேர்வின் மதிப்பெண்ணையும் மாவட்ட ஒதுக்கீட்டையும் கொண்டே மருத்துவ பீடங்களுக்கு மாணவர் தெரிவு நடக்கிறது. தனி நுழைவுத் தேர்வு கிடையாது. அங்கும் தனியார் டியூஷன் கொழிக்கிறது என்பதும் உண்மை. ஆயினும் பள்ளிப் பாடத்துக்கு அப்பால் இன்னொரு பாடத்தை வைத்து வடிகட்டும் கொடுமை அங்கில்லை.

இந்தப் பூட்டைக் காட்டித் தமிழரைக் கன்னடர் மீதும் கன்னடரைத் தமிழர் மீதும் ஏவிவிடும் இனவாதக் குழுக்கள் இரு பக்கமும் உண்டு. தேர்தல் நேரத்தில் நீலசந்திராவுக்குள் தமிழில் பேசிக்கொண்டு வருகிற முதலாளித்துவக் கட்சிகளும் உண்டு. ரத்தான தேர்வுக்காக 2016இல் தெருவில் நின்ற 1.74 லட்சம் பேரில் பெரும்பான்மையினர் கன்னடப் பிள்ளைகள். 2024இல் 15 கேள்விகள் தாக்கியதும் எல்லா மொழி ஏழைகளையும்தான். ஆகவே போராட்டமும் எல்லா மொழி ஏழைகளையும் ஒன்றுசேர்ப்பதாகவே இருக்க முடியும்.

செய்யவேண்டியது

முதலாவதாக, கல்வி உரிமைச் சட்டம் 12ஆம் வகுப்பு வரை, 18 வயது வரை நீட்டிக்கப்பட வேண்டும். ஒவ்வொரு உழைப்பாளர் குடியிருப்பின் பிள்ளைகளும் நடந்துசெல்லும் தொலைவில் அறிவியல் பிரிவுடன் கூடிய அரசு பி.யு. கல்லூரி அமைய வேண்டும். பி.யு.சி. வேதியியலின் 100 மதிப்பெண்களில் 30 செய்முறைக்கு உரியவை. பியூரெட்டைத் தொடாமலே தரம்பார்த்தலையும், உப்பைக் கண்ணால் பார்க்காமலே உப்புப் பகுப்பாய்வையும் மனப்பாடம் செய்ய வைப்பது கல்வி அல்ல, மோசடி. நிரந்தர விரிவுரையாளரும் இயங்கும் ஆய்வகமும் இல்லாத அறிவியல் பிரிவு காகிதத்தில் மட்டுமே உள்ள பிரிவு.

இரண்டாவதாக, நீக்கப்பட்ட 11 அத்தியாயங்களின் உள்ளடக்கம், ஆசிரியர்களையும் அறிவியலாளர்களையும் கலந்தாலோசித்து, வயதுக்கும் வகுப்புக்கும் ஏற்ற வடிவில் மீட்கப்பட வேண்டும். பள்ளிப் பாடநூலில் இல்லாத எதையும் எந்தச் சேர்க்கைத் தேர்விலும் கேட்கக் கூடாது. நீட் ஒழிக்கப்பட வேண்டும். அவசரநிலைக் காலத்தில் 42ஆவது திருத்தம் பொதுப் பட்டியலுக்கு நகர்த்திய கல்வி, மாநிலங்களுக்கே திரும்ப வேண்டும்.

மூன்றாவதாக, பி.யு. கல்லூரிகளுக்குள்ளேயே பயிற்சி நிறுவனங்கள் கடைவிரிக்கும் 'ஒருங்கிணைந்த' வியாபாரம் தடைசெய்யப்பட வேண்டும். கன்னடம், தமிழ், உருது மொழிகளில் கலைச்சொல் கையேடுகளும், வகுப்பறையில் இருமொழி விளக்கமும் அரசின் பொறுப்பாக வேண்டும்.

இக்கோரிக்கைகள் மனுக்களாக மட்டும் நின்றுவிட்டால் பயனில்லை. குடிநீர், குடியிருப்பு, ரேஷன் பிரச்சனைகளுக்காகத் திரளும் கட்சிக் கிளைகள், தங்கள் பகுதியின் அரசுக் கல்லூரியில் வேதியியல் ஆய்வகம் இருக்கிறதா, திறந்திருக்கிறதா, விரிவுரையாளர் இருக்கிறாரா என்பதையும் அதே தீவிரத்தோடு விசாரிக்க வேண்டும். 10ஆம் வகுப்பு முடித்த பிள்ளைகள் எத்தனை பேர், அறிவியல் கேட்டு மறுக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், பயிற்சி மையத்துக்காகக் கடன்பட்ட குடும்பங்கள் எத்தனை என்பதை மாணவர், வாலிபர், மாதர் அமைப்புகள் வீடுவீடாகச் சென்று திரட்ட வேண்டும். அந்தக் கணக்கோடு கல்வித் துறை அலுவலகத்தின் வாசலுக்குத் தாய்மார்களையும் பிள்ளைகளையும் விரிவுரையாளர்களையும் ஒன்றாக அழைத்துச் செல்ல வேண்டும்.

மாலை நேர இலவச வகுப்புகளை நடத்தும் தோழர்களின் உழைப்பு போற்றத்தக்கது. ஆனால் அரசின் கடமையைத் தோளில் சுமப்பது அரசுக்கு விடுதலை தருவதாக ஆகிவிடக் கூடாது. அந்த வகுப்பில் பி-தொகுதித் தனிமங்களைக் கற்றுக்கொடுக்கும்போதே, அது ஏன் பாடநூலில் இல்லை என்பதையும் கற்றுக்கொடுக்க வேண்டும். பெள்ளந்தூரின் நுரையையும் கோலாரின் சயனைடையும் புரிந்துகொண்ட ஒரு தலைமுறை, தன்னிடமிருந்து பறிக்கப்பட்டது என்ன என்பதையும் புரிந்துகொள்ளும். பறித்தவர்களிடம் கணக்குக் கேட்கவும் அது தயங்காது.